எழுத்துக்கு ஆயிரம்

ஜன்னல் திரையின் அலுமினியப் பட்டைகள் நடுவில் மட்டும் லேசாக வளைந்திருந்தன. வளையவில்லை என்று திலகவதிக்குத் தெரியும். காலையில் நேராக இருந்த பட்டை மத்தியானச் சாப்பாட்டுக்குள் எதற்கு வளையப் போகிறது, வளைந்திருப்பது என் கண்தான், அதுவும் வலது கண் அதிகமாக, இடதை மூடிக்கொண்டு பார்த்தால் நடுவில் யாரோ விரலை வைத்து அழுத்தியது போல இருக்கும், வலதை மூடினால் அவ்வளவு மோசமில்லை, போதும், ஆபீசில் உட்கார்ந்துகொண்டு ஒரு கண்ணை மூடி மூடிப் பார்த்தால் பக்கத்து சீட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்கள், நாற்பது தாண்டிய பிறகு கண்ணடிக்கக் கிளம்பிவிட்டாள் என்று நினைப்பார்கள். அவளுக்கே சிரிப்பு வந்தது. வீட்டில் ஃப்ரிட்ஜ் கதவில் டாக்டர் கொடுத்த கட்டம் போட்ட அட்டை ஒட்டியிருக்கிறது, காலையில் பால் எடுக்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் நடுப்புள்ளியைப் பார்க்க வேண்டும், கோடுகள் எங்கே நெளிகின்றன, நெளிவு நேற்றைவிடப் பெரிசா என்று பார்க்க வேண்டும். மகள் அதைத் தன் கணக்குப் பாடத்துக்காக அம்மா ஒட்டியது என்று நினைத்து ஒரு மூலையில் பென்சிலால் வரைபடம்கூடப் போட்டுவிட்டாள். நடுப்பார்வை கொஞ்சம் கொஞ்சமா மங்கும், ஓரப்பார்வை இருக்கும், முழுசா இருட்டாயிடாது, பழகிடும்மா, என்றார் டாக்டர். நல்ல மனுஷர், பொறுமையாகப் படம் வரைந்தெல்லாம் சொன்னார், அந்தப் பழகிடும்மாவை மட்டும் திலகவதியால் இன்னும் விழுங்க முடியவில்லை. யாருக்குப் பழகிவிடும், கண்ணுக்கா, எனக்கா, இல்லை என்னைப் பார்க்கிறவர்களுக்கா. எதிரே கணினித் திரையில் நிரல் காத்துக்கொண்டிருந்தது. நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

டீ நேரத்துக்குள் இதை அழித்துவிட வேண்டும். சபேசன் காலையில் வந்து, மேசை விளிம்பில் பாதி உட்கார்ந்தபடி, அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனான். வயதில் சின்னவன், ஆனால் டீமுக்கு அவன்தான் லீடு, எந்நேரமும் ஒரு காதில் போன் இருப்பதால் தலை ஒரு பக்கமாகவே சாய்ந்துவிட்டது. "திலகா, அந்த கன்ஸ்ட்ரெயின்ட் எல்லாத்தையும் தூக்கிட்டு நேரடியா நம்பர் போட்டுடுங்க. லோகோ இங்க, டோக்கன் இங்கன்னு. எழுத்து சைஸையும் லாக் பண்ணிடுங்க. பெரியவர் ரொம்ப டென்ஷன்ல இருக்கார்." பெரியவர் என்பது ஒரு மருத்துவமனைக் குழுமத்தின் முதலாளி, எழுபதைத் தாண்டியவர், நோயாளிகள் வீட்டிலிருந்தே டாக்டரிடம் டோக்கன் போட்டுக்கொண்டு தங்கள் முறை எப்போது வரும் என்று போனில் பார்த்துக்கொள்கிற செயலி ஒன்றை இந்த ஆபீஸ் அவருக்காகச் செய்துகொண்டிருக்கிறது. சோதனைக்குக் கொடுத்ததைத் தன் போனில் திறந்து பார்த்தவர், என் ஆஸ்பத்திரி லோகோ எங்கே என்று கேட்டுவிட்டார். பெருங்குடியில் இந்த ஆறாவது மாடியில் யார் போனைத் திறந்தாலும் லோகோ ஜம்மென்று மேலே உட்கார்ந்திருக்கிறது, அவர் போனில் மட்டும் இல்லை. திரைகளை வடிவமைத்து எழுதிய ஜெபக்கனி, பாளையங்கோட்டைப் பெண், மூன்று சீட் தள்ளி உட்கார்ந்து, ஆபீசில் இருந்த போன்களை எல்லாம் திறந்து திறந்து பார்த்து அலுத்துப் போய், "இங்க இருக்குல்லா, அவியளுக்கு மட்டும் எங்க போச்சு" என்று தனக்குள் புலம்பிக்கொண்டிருக்கிறாள். காரணம் தெரியாதபோது புரியாத பொருள் மேல்தானே பழி விழும். கன்ஸ்ட்ரெயின்ட் என்கிற இந்த நிபந்தனைகள் சபேசனுக்குப் புரியாது, எண்கள் புரியும், அதனால் நிபந்தனைகள் போக வேண்டியதாயிற்று. லோகோ எங்கே போனது என்று இந்த மாடியில் ஒருத்திக்குத்தான் தெரியும், அது திலகவதி. சொன்னால் உங்களுக்கு எப்படித் தெரியும் என்பார்கள், அந்த ஒரு கேள்வியில்தான் அவள் காலையிலிருந்து மாட்டிக்கொண்டு நிற்கிறாள்.

அழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை படித்துவிடலாம் என்று ஆரம்பித்தவள், எழுத்தைப் பெரிசாக்காமல், பெரிசாக்கினால் பின்னால் போகிறவர்களுக்குத் தெரியும், மூக்கைத் திரையில் ஒட்டாத குறையாகப் படித்துக்கொண்டே போனாள், படிக்கப் படிக்கக் கை அழிக்க மறுத்தது. எத்தனை திரைகளுக்கு எண் போட்டு உட்கார வைத்தவள் அவள், லேபிள் ஓரத்திலிருந்து பதினாறு புள்ளி தள்ளி, அகலம் நூற்று இருபது, பட்டன் அதற்குக் கீழே நாற்பது, ஆங்கிலத்தில் சப்மிட் என்று இருக்கும்வரை எல்லாம் அழகாக இருக்கும், தமிழில் சமர்ப்பிக்கவும் என்று மாற்றியதும் பட்டன் பாதியில் வெட்டுப்பட்டு, பணம் கட்ட வந்தவரைச் சமர்ப்பி என்று அதட்டிக்கொண்டு நிற்கும். ஜெபக்கனி அப்படி எழுதவில்லை. திரையில் இருக்கிற ஒவ்வொன்றும் ஒரு ஆப்ஜெக்ட், அதற்குத் தன்னைப் பற்றித் தெரியும், லேபிளுக்குத் தன் எழுத்து நிற்க எவ்வளவு இடம் வேண்டும் என்று தெரியும், பட்டனுக்கு ஒரு விரல் படுவதற்கு எவ்வளவு உயரம் வேண்டும் என்று தெரியும், வெளியிலிருந்து யாரும் போய் அளவெடுக்க வேண்டாம், கேட்டால் அதுவே சொல்லும். இது திலகவதிக்குப் பழைய விஷயம். அவளை நிறுத்தியது அடுத்தது, இரண்டு ஆப்ஜெக்டுக்கு நடுவில் இருக்கும் உறவையும், அந்த நிபந்தனையையே, ஒரு ஆப்ஜெக்ட் ஆக்கி, அதற்கும் ஒரு பெயர் வைத்து, வேண்டும்போது எழுப்பி வேண்டாதபோது தூங்க வைத்திருக்கிறாள். டாக்டர் பெயரின் இடது ஓரமும் டோக்கன் எண்ணின் இடது ஓரமும் ஒன்று. எண் பெயருக்குக் கீழே, இடைவெளி எட்டுக்குக் குறையாமல். பட்டன் எழுத்தைவிட ஒருபோதும் ஒடுங்காமல். எந்த இடத்தில் என்று ஒரு வரிகூட இல்லை, யாருக்கு யார் என்ன என்று மட்டும் இருக்கிறது. இடத்தை உள்ளே இருக்கிற கணக்கு பார்த்துக்கொள்கிறது, பள்ளிக்கூடத்தில் போட்ட எக்ஸ் ஒய் சமன்பாடுதான், ஒன்று இரண்டு இல்லாமல் ஒரு கூடை சமன்பாடு, போனைப் படுக்க வைத்தால் மறுபடி போட்டுப் பார்க்கிறது, நிமிர்த்தினால் மறுபடி, சலிப்பே இல்லாமல். என்ன அழகு இது என்று திலகவதி நினைத்தாள், மனதார நினைத்தாள், இந்த வேலைக்கு வந்த புதிதில் முதல் பட்டன் திரையில் தோன்றியபோது இருந்த சந்தோஷம் அப்படியே வந்தது.

அப்புறம் அந்த ஆயிரம். எல்லாருக்கும் போதுமான இடம் எப்போதும் இருக்கிறதா என்ன, கையகலத் திரை, யாராவது விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும், அதற்காக ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஒரு எண் கொடுக்கலாம், ஆயிரம் என்றால் தலை போனாலும் விட்டுக்கொடுக்காது, அதற்குக் கீழே என்றால் முடிந்தவரை. அவள் பார்த்த ஆட்கள் எல்லாம் எல்லாவற்றுக்கும் ஆயிரம் போடுகிறவர்கள், என் படம் ஆயிரம், என் பட்டன் ஆயிரம், என் விளம்பரம் ஆயிரம், கடைசியில் இரண்டு ஆயிரம் முட்டிக்கொண்டால் கணக்கு பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒன்றைத் தூக்கி வெளியே எறிந்துவிடும், யாரை எறிந்தது என்று புலம்பலாக எழுதியும் வைக்கும், அதை யாரும் படிப்பதில்லை. ஜெபக்கனி ஆயிரத்தைப் பார்த்துப் பார்த்துச் செலவு செய்திருக்கிறாள். டோக்கன் எண்ணின் எழுத்துக்கு ஆயிரம், டாக்டர் பெயரின் எழுத்துக்கு ஆயிரம், உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் என்கிற எழுத்துக்கு ஆயிரம், லோகோவுக்கு இருநூற்றைம்பது. பணம் கொடுக்கிறவரின் லோகோவுக்கு இருநூற்றைம்பது. இவளுக்கு என்ன தைரியம், திலகவதி எழுதியிருந்தால் லோகோவுக்குத்தான் முதல் ஆயிரம் போயிருக்கும், யாரும் சொல்லாமலே போயிருக்கும். ஏன் இப்படிப் போட்டாய் என்று ஒரு நாள் கேன்டீனில் கேட்டதற்கு, தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே, "படிக்க முடியாத டோக்கன் யாருக்குக்கா?" என்றாள், அவ்வளவுதான், அதற்கு மேல் அவளுக்கு அதில் பேச ஒன்றும் இல்லை. படிக்க முடியாத டோக்கன் யாருக்கு. யாருக்கு, யாருக்கு என்று அந்தக் கேள்வி அன்றைக்கு இரவு சோற்றுப் பருக்கை பல்லிடுக்கில் மாட்டினது போல உள்ளேயே இருந்தது. இப்போது கண் கசிந்தது, உற்றுப் படித்ததால் என்று வைத்துக்கொண்டு துப்பட்டாவால் ஒற்றிக்கொண்டாள்.

இந்த டீமில் ஒரு வழக்கம் உண்டு, எந்தத் திரையும் வெளியே போவதற்கு முன்னால் திலகவதியிடம் வரும், கொண்டு வருகிறவர்கள் நேரா இருக்கா என்பார்கள், அவள் பார்த்துவிட்டு நேரா இருக்கு என்று சொன்னால்தான் போகும். திலகா கண்ணுக்கு ஒரு புள்ளி தப்பாது என்று சபேசன் வெளியாட்களிடம்கூடச் சொல்வான். நிஜமாகவே தப்பாது, தப்பாமல்தான் இருந்தது, ஒரு லேபிள் ஒரு புள்ளி விலகினால் உள்ளங்காலில் மணல் இருப்பது போல உறுத்தும், கல்யாண மண்டபத்தில் மணமக்கள் பெயர்ப் பலகை சாய்ந்திருந்தால் சாப்பாடு இறங்காது. இப்போது எல்லாமே சாய்ந்திருக்கிறது, எது நிஜமான சாய்வு என்று தெரியவில்லை. ஆனாலும் நேரா இருக்கு என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். பொய் இல்லை. திரையைப் பார்த்துச் சொல்வதில்லை, நிரலைப் படித்துவிட்டுச் சொல்கிறாள், இதன் இடது ஓரமும் அதன் இடது ஓரமும் ஒன்று என்று ஜெபக்கனி எழுதியிருந்தால் அது ஒன்றுதான், அதை யாருடைய கண்ணும் வந்து நிரூபிக்க வேண்டியதில்லை. எண் போட்ட காலமாக இருந்தால் நூற்றுப் பதினாறா நூற்றுப் பதினேழா என்று கண்ணைத்தான் நம்ப வேண்டியிருந்திருக்கும், அப்போதே மாட்டியிருப்பாள். இந்த நிபந்தனைகள்தான் இத்தனை மாதமாக அவளைத் தாங்குகின்றன, அதைத்தான் இப்போது அவள் கையாலேயே அழிக்கச் சொல்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் குக்கர் விசிலுக்குக் காத்திருந்தபோது செயலியைத் தன் போனில் திறந்தாள். வீட்டில் அவள் போன் எழுத்து உச்சத்தில் இருக்கும், மொழி தமிழ், தினமும் ஆபீஸ் பஸ் திருவான்மியூர் தாண்டும்போது எழுத்தைச் சுருக்கி ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்வாள், திரும்பும்போது பெரிசாக்கிக்கொள்வாள், புருஷன் குமரவேல், சொல்லித் தொலையேன் திலகா, தினமும் இதென்ன வேஷம் என்பார். திறந்தாளா, டாக்டர் பெயர் இரண்டு வரியாக மடங்கி, டோக்கன் எண் உள்ளங்கை அளவுக்கு எழுந்து நின்றது, மற்றதெல்லாம் வழிவிட்டு ஒதுங்கி, கோடுகள் ஒதுங்கி, படங்கள் ஒதுங்கி, லோகோ சுருங்கிச் சுருங்கி இல்லாமலே போயிருந்தது. கண்ணைச் சுருக்காமல் ஒரு திரையைப் படித்து எவ்வளவு காலமாயிற்று. யாரோ தனக்காக எழுந்து சீட் கொடுத்ததைப் போல இருந்தது. குக்கர் எத்தனை விசில் விட்டது என்று அவளுக்குத் தெரியவில்லை, பருப்பு குழைந்து போயிற்று.

ஜெபக்கனி தமிழையும் சோதித்தாள், பெரிய எழுத்தையும் சோதித்தாள், தமிழைச் சாதாரண எழுத்திலும் பெரிய எழுத்தை ஆங்கிலத்திலும், இரண்டும் சேர்ந்து வரும் என்று அவளுக்குத் தோன்றவில்லை, இந்த மாடியில் யாருக்குத்தான் தோன்றும், எல்லாருக்கும் இருபத்தைந்து வயதுக் கண், எல்லார் போனும் ஆங்கிலத்தில். லோகோ காணாமல் போகிறதென்றால் பெரியவர் போன் தமிழில் இருக்கிறது, எழுத்தும் பெரிசாக இருக்கிறது, அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. லோகோ எங்கே என்று கேட்டாரே தவிர, எழுத்து நன்றாகத் தெரிகிறது என்று சொன்னாரா. கோட் போட்டுக்கொண்டு புதுப்புது ஆஸ்பத்திரியாகத் திறந்துவைக்கிற மனுஷர், எனக்கும் சின்ன எழுத்து தெரியவில்லை என்று எப்படிச் சொல்வார், நான் மட்டும் சொன்னேனா. சொன்னால் என்ன ஆகும், ஒன்றும் ஆகாது, யாரும் வேலையை விட்டு அனுப்ப மாட்டார்கள், ரொம்ப நல்லபடியாக நடந்துகொள்வார்கள், அதுதான் பயம். திரைகள் அவளிடம் வருவது நின்றுவிடும். பாவம் அவங்க கண்ணுக்கு எதுக்குச் சிரமம் என்று நேரா இருக்காவை வேறு யாரிடமாவது கேட்பார்கள், அவளுக்கு இருநூற்றைம்பது போட்டு மெல்லச் சுருக்குவார்கள், ஒரு நாள் திரையில் இடம் போதாதபோது சத்தமில்லாமல் காணாமல் போவாள். பழகிடும்மா. வேறு வழி இருக்கிறது, பட்டும் படாமல், ஒருவேளை பெரியவர் எழுத்தைப் பெரிசா வெச்சிருப்பாரோ சபேசன் என்று சும்மா தோன்றினது போலச் சொல்லலாம், அதைச் சொல்லக் கண் எதற்கு, மூளை போதும். அது போதும் என்று முடிவு செய்தாள். நிரலின் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை தேர்ந்தெடுத்து நீலமாக்கிப் பார்த்தாள், ஒரு விசையைத் தட்டினால் போதும். தட்டவில்லை, நீலத்தை விலக்கிவிட்டு ஆயிரம் என்று இருந்த வரிக்கே திரும்பப் போனாள்.

டீ மெஷின் பக்கம் கூட்டம் சேரும் சத்தம் கேட்டது. சபேசன் இரண்டு காகித டம்ளர்களோடு வந்து ஒன்றை அவள் மேசையில் வைத்தான், பின்னாலேயே ஜெபக்கனியும் வந்து நின்றாள், முகம் வாடியிருந்தது.

"முடிச்சுட்டீங்களா திலகா?"

"இன்னும் இல்ல." டம்ளரை எடுக்கப் போன விரல் விளிம்பைத் தவறவிட்டு மறுபடி பிடித்தது. "சபேசன், ஒண்ணு தோணுச்சு. பெரியவர் தமிழ்ல வெச்சு, எழுத்தையும் ரொம்பப் பெருசா வெச்சிருப்பாரோ? ரெண்டும் சேர்ந்தா லோகோவுக்கு இடம் இருக்காது."

ஜெபக்கனி நிமிர்ந்தாள். "ஏ யம்மா. ரெண்டையும் சேத்து நான் பாக்கலியே."

"இருக்கலாம்," என்றான் சபேசன். அவனுக்கும் முகம் தெளிந்தது. "அப்ப நான் சொன்னதுதானே? எழுத்தை லாக் பண்ணிட்டா தீர்ந்தது. அவர் ஒருத்தருக்காக இவ்ளோ தலைவலி எதுக்கு? வேற யாரு அவ்ளோ பெருசா வெச்சுப் பாக்கப் போறா?"

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்கிறான், கேட்டுவிட்டு டீயை ஊதிக்கொண்டிருக்கிறான். யாரு. பட்டும் படாமல் சொன்னது எங்கேயும் போய்ச் சேரவில்லை என்று திலகவதிக்குப் புரிந்தது. யாரு என்ற கேள்விக்கு ஒரு ஆள்தான் பதிலாக இருக்க முடியும், ஒருவேளை என்றும் இருக்கலாம் என்றும் பதில் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரி வாசலில் போனை மூக்கருகே பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள் எல்லாம் அவளுக்குத் தெரிந்தவர்கள் போல ஆனார்கள், தன் முறை வந்ததா போனதா என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்க வெட்கப்படுகிறவர்கள். பையிலிருந்து தன் போனை எடுத்தாள். ஆபீசில் முதல் முறையாக, அவர்கள் இருவரும் பார்க்க, மொழியைத் தமிழாக்கி எழுத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனாள், செயலியைத் திறந்து மேசை நடுவில் வைத்தாள். டோக்கன் எண் எழுந்து நின்றது, லோகோ இல்லை.

"நான் வெச்சுப் பாக்கறேன்," என்றாள். "வீட்ல எப்பவும் இப்படித்தான். எனக்கு நடுப்பார்வை போயிட்டிருக்கு சபேசன். சின்ன எழுத்து கலைஞ்சு போயிடுது. இதை லாக் பண்ணினீங்கன்னா நாம செஞ்ச செயலியை என்னாலயே படிக்க முடியாது."

சபேசன் ஊதுவதை நிறுத்தினான். போனைக் கையில் எடுத்து எட்டப் பிடித்துப் பார்த்தான், கிட்டப் பிடித்துப் பார்த்தான். "எவ்ளோ நாளா?" என்று மெதுவாகக் கேட்டான். பதிலுக்குக் காத்திருக்காமல், "லோகோ மட்டும் எப்படியாவது கண்ல பட்டா போதும். பெரியவர்கிட்ட நான் பேசிக்கறேன்" என்றான்.

"கீழ போய் உக்காரட்டும்க்கா," என்று ஜெபக்கனி அதற்குள் நாற்காலியை இழுத்துப்போட்டு விசைப்பலகையைத் தன் பக்கம் திருப்பியிருந்தாள். "மேல இடம் இல்லைன்னா டோக்கனுக்கு அடியில வரட்டும், தள்ளிப் பாத்தா தெரியட்டும், காணாம மட்டும் போக வேண்டாம். ஒரே ஒரு கன்ஸ்ட்ரெயின்ட் போதும். எழுத்த நான் தொட மாட்டேன்." சொல்லிக்கொண்டே அடித்தாள். வேறெதையும் கேட்கவில்லை, ஆனால் அடிப்பதற்கு முன்னால் திரையின் எழுத்தை நாலு மடங்கு பெரிசாக்கிவிட்டாள், திலகவதிக்கும் தெரியட்டும் என்று. பின்னால் போன இருவர் அந்தப் பெரிய எழுத்தை நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பார்க்கட்டும் என்று திலகவதி இருந்துவிட்டாள், நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள், கழுத்து வலி இவ்வளவு நாள் இருந்தது இப்போதுதான் தெரிந்தது. ஒரே ஒரு வரி சேர்ந்தது, உள்ளே கணக்கு எல்லாவற்றையும் மறுபடி போட்டுப் பார்த்தது, லோகோ டோக்கனுக்குக் கீழே அடக்கமாக வந்து உட்கார்ந்தது, எழுத்து அசையவில்லை.

ஜெபக்கனி திருத்திய செயலியை ஏற்றிய போனை எடுத்து வழக்கம்போல நீட்டினாள். "நேரா இருக்காக்கா?" கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கு உறைத்தது, நீட்டிய கையை எப்படித் திரும்ப எடுப்பது என்று தெரியாமல் நின்றாள்.

திலகவதி போனை வாங்கிக்கொண்டாள். டாக்டர் பெயருக்கும் டோக்கனுக்கும் லோகோவுக்கும் இடது ஓரம் நடுவில் நெளிந்து, ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தெரிந்தது. அவசரப்படாமல் பார்த்தாள்.

"எனக்குக் கோணலாத்தான் தெரியுது," என்றாள். "ஆனா நேராத்தான் இருக்கு. நீ எழுதினதை நான் படிச்சேன்ல."